அரக்கு என்னும் சிவப்பு



ஒரு சொல்லின் வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன், அந்தச் சொல்லை வைத்து நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சங்கரன்கோவிலை அடுத்த ஓர் ஊர்ப் பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்த காலம். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் 'பொருள் எழுதுக' என்னும் பகுதியில் 'அரக்கு' என்ற சொல்லைக் கொடுத்திருந்தேன். பாண்டவர்களை எரித்துவிடத் துரியோதனன் சூழ்ச்சியாகக் கட்டுவித்த அரக்கு மாளிகையைப் பற்றி அவ்வாண்டு வகுப்பில் படித்திருந்தோம். எனவே 'மரத்தில் உண்டாகும் பிசின் போன்ற பொருள்' அல்லது 'செம்மெழுகு' என்பதே நான் எதிர்பார்த்த விடை. மாணவர் பலரும் அவ்வாறே எழுதினர். நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் மட்டும், 'ஒரு நிறம். சிவப்பைவிடக் கறுத்தது' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதை அடித்தேன். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் என் மேசையருகே வந்து, 'சார், எங்க வீட்டுல பாவுக்கு முக்குற நூலு அரக்குதான் சார்' என்றான். 'வீட்டில் பேசுவது வேறு, பாடம் வேறு. போய் உட்கார்' என்றேன்.

அவன் தமிழில் பெற்ற மதிப்பெண் 34. தேர்ச்சிக்கு வேண்டியது 35. கணக்கிலும் அவன் தேறவில்லை. ஆதலால் என்னுடைய ஒரு மதிப்பெண்தான் அவனைத் தறியில் கொண்டுபோய் உட்காரவைத்தது என்று சொல்வது மிகையாகும். ஆயினும் அடுத்த சூன் திங்களில் அவன் பள்ளிக்கு வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து, வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோது 'அரக்கு' என்னும் தலைச்சொல் கண்ணில் பட்டது. மெழுகு என்ற பொருளோடு சிவப்பு என்ற பொருளும் அங்கே இருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம்; நிறம் பின்னால் வரட்டும். அரக்கு ஒரு பூச்சியினால் உண்டாவது. புரசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களின் இளங்கொம்புகளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு பூச்சிகள் கூட்டங்கூட்டமாகக் குடியேறுகின்றன. பட்டைக்குள் ஊசி போன்ற வாயைச் செருகி மரச்சாற்றை உறிஞ்சுகின்றன. தம் உடம்பைச் சுற்றிப் பிசினைக் கசியவிட்டு மூடிக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான பூச்சிகளின் பிசின் ஒன்றோடொன்று ஒட்டிக் கொம்பின் மேல் தடித்த தோலாகப் படிந்துவிடும். பெண்பூச்சி உள்ளே அமர்ந்த இடத்திலேயே வாழ்ந்து, குஞ்சுகளை வெளியே விட்டு மடிகிறது. கொம்பை வெட்டிப் பிசினைச் சுரண்டி எடுத்தால் அதுவே கொம்பரக்கு. அதை இடித்து நீரில் அலசினால் நீர் சிவக்கும். அந்தச் செந்நீர் சாயம். எஞ்சியதை உருக்கி வடித்தால் அது மெழுகு. ஆக, ஒரே கொம்பிலிருந்து நிறமும் கிடைக்கிறது. முத்திரையிடும் பொருளும் கிடைக்கிறது. என் மாணவன் எழுதியது ஒரு பாதி. நான் கேட்டது மறுபாதி.

இன்று நம் நாட்டில் அரக்கு மிகுதியாக விளைவது சார்க்கண்டு மாநிலத்தில். இராஞ்சியை அடுத்த நாம்கும் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டிலேயே இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. தமிழ்நாட்டில் அரக்கை விளைவிப்பவரைக் காண்பது அரிது. ஆனால் முத்திரையிடுவோர் பலர் இருந்தார்கள். நானும் அவர்களுள் ஒருவன். அரசுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களைத் துணிப்பையில் இட்டுத் தைத்து, மெழுகுவத்தி நெருப்பில் அரக்குக் குச்சியைக் காட்டி, முடிச்சின் மேல் சொட்டுச்சொட்டாக விட்டு, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவோம். கையில் ஒரு சொட்டு விழுந்தால் தோல் உரிந்துவிடும். அந்தச் சொட்டு ஆறி இறுகும்போது அதன் நிறம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உருகும்போது குருதிச் சிவப்பு. இறுகியபின் உள்ளே ஒரு கருமை தேங்கிய சிவப்பு. கண்ணெதிரே இருந்ததை நிறம் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம். ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலில் வாரா என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. பிறமொழிச் சொல் அவ்வெழுத்துகளோடு தொடங்கினால் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து வழங்கினர். ரங்கம் அரங்கம் ஆயிற்று. ரத்தினம் அரதனம் ஆயிற்று. லோகம் உலகம் ஆயிற்று. வடமொழியில் இப்பொருளுக்கு 'லாக்ஷா' என்று பெயர். 'ராக்ஷா' என்னும் வடிவமும் உண்டு. அதர்வண வேதத்தில் காயத்தை ஆற்றும் மருந்தாக லாக்ஷாவைப் போற்றும் பகுதி இருக்கிறது. இதனால் சாயமிடப்பட்டது என்பதைக் குறிக்கும் சொல் எவ்வாறு அமையும் என்பதற்குப் பாணினி தம் இலக்கணத்தில் தனியே ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். அவ்வளவு பழைய சாயம் இது. மக்கள் பேசிய பிராகிருத மொழியில் 'க்ஷ' என்னும் ஒலி 'க்க' என மெலிந்தது. அதற்கு முன் நின்ற நெடிலும் குறுகியது. 'பிக்ஷு' பிக்கு ஆனதும், 'பக்ஷம்' பக்கம் ஆனதும் இவ்வழியே. ராக்ஷா, 'ரக்கா' என்றாகி, தமிழின் வாயிலில் ஓர் அகரத்தைப் பெற்று 'அரக்கு' ஆயிற்று என்பது ஒரு கொள்கை.

இங்கே ஒரு குறும்பு உண்டு. 'ராக்ஷசன்' என்பதும் இதே பாதையில் நடந்துதான் 'அரக்கன்' ஆனான். அதனால் அரக்கனுக்கும் அரக்குக்கும் உறவு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். சிவந்த கண்ணும் சிவந்த முடியும் உடையவன் ஆதலால் அரக்கன் என்று விளக்கம் எழுதிய மாணவர்களை நான் கண்டதுண்டு. அழகான விளக்கம், ஆனால் ஒரே சாலையில் வந்த இருவர் உடன்பிறந்தவர் ஆகிவிடமாட்டார்.

செம்மையைக் குறிக்கும் 'அர்' என்னும் தமிழ் வேரிலிருந்தே இச்சொல் பிறந்தது என்று கொள்ளும் அறிஞரும் உளர். கன்னடத்தில் 'அரகு' என்றும் மலையாளத்தில் 'அரக்கு' என்றும் வழங்குவது அவர்களுக்குத் துணை. ஆனால் பக்கத்து வீட்டுத் தெலுங்கில் இது 'லக்க' என்று லகரத்தோடு நிற்கிறது. அதைப் பார்க்கும்போது, பிராகிருத வழியே வந்தது என்ற கொள்கையின் பக்கமே என் மனம் சாய்கிறது. இவ்வாறு சொல்வதனால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. சரக்கு எங்கே விளைகிறதோ அங்கிருந்து பெயரும் மூட்டையில் ஏறி வருவது வாணிகத்தின் இயல்பு. மிளகாயும் புகையிலையும் கடல் கடந்து நம்மிடம் வந்தபோது நாமே பெயர் சூட்டிக்கொண்டோம். தேயிலையின் பெயரில் மட்டும் சீனத்து ஒலியையும் சேர்த்துக்கொண்டோம்.

லாக்ஷா என்பது 'லக்ஷம்' என்னும் எண்ணிலிருந்து வந்தது, ஒரு கொம்பில் இலட்சம் பூச்சிகள் இருப்பதால் இப்பெயர் என்று நூல்கள் பலவற்றிலும் காணலாம். கேட்க இனிக்கும் இவ்விளக்கத்தை உறுதியானதாகக் கொள்ள நான் தயங்குகிறேன். சொல்லுக்குக் கதை கட்டுவது எளிது.

அரக்குச் சாயத்துக்கு இன்னொரு பெயர் 'அலத்தகம்'. மகளிர் பாதங்களில் தீட்டிய செங்குழம்பு அது. சிலப்பதிகாரத்தில் இச்சொல் உண்டு. வங்காளத்தில் இன்றும் மணப்பெண் காலில் இடும் சிவப்புக்கு 'ஆல்தா' என்று பெயர். அதுவும் வடமொழி 'அலக்தகம்' என்பதன் தேய்ந்த வடிவமே. நம் மகளிர் காலிலிருந்து அது மறைந்து மருதாணி நிலைத்தது, வங்கத்தார் விடவில்லை.

மேற்கே போனால் கதை இன்னும் விரிகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த 'பெரிப்புளூசு' என்னும் கடற்பயணக் குறிப்பில், இந்தியாவிலிருந்து செங்கடற்கரைத் துறைமுகமாகிய அதூலிசுக்குப் போன சரக்குகளுள் சாய அரக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. பெயரும் கப்பலேறியது. ஆங்கிலத்தில் 'லாக்' என்றும், மரப்பொருளுக்குப் பூசும் 'லாக்கர்' என்றும் வழங்குபவை இவ்வேரினவே. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஓவியம் கற்பித்த காலத்தில் வண்ணப்பெட்டியில் ஒரு வில்லையின் மேல் 'கிரிம்சன் லேக்' என்று எழுதியிருக்கும். லேக் என்றால் ஏரிதானே, சிவந்த ஏரி எங்கே இருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. அது ஏரி அன்று, நம் அரக்குதான் என்று தெரிய எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த 'கிரிம்சன்' மட்டும் என்ன? ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் ஒருவகைக் கருவாலி மரத்தில் வாழும் பூச்சியை உலர்த்திச் செஞ்சாயம் எடுத்தனர். பாரசீகரும் அரபியரும் அதைக் 'கிர்மிஸ்' என்றனர்; நம் நாட்டுத் துணிக்கடைகளில் 'கிர்மிஞ்சி' என்று வழங்கிய நிறப்பெயர் அதிலிருந்து வந்தது. அச்சொல்லை மேலும் துருவிப் போனால் 'கிருமி' என்னும் வடசொல்லோடு போய்ச் சேர்கிறது. இலத்தீனில் 'சிறுபுழு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து 'வெர்மிலியன்' பிறந்தது. ஆகப் பல நாட்டு மக்களும் தம் சிறந்த சிவப்புக்குப் புழுவின் பெயரையோ பூச்சியின் பெயரையோதான் வைத்திருக்கிறார்கள்.

மெக்சிகோவில் கள்ளிச் செடியின் மேல் வாழும் 'கொச்சினீல்' பூச்சி இவை எல்லாவற்றையும் வென்றது. அதன் வாணிகம் நெடுங்காலம் இசுப்பானியர் கையில் இருந்தது. அதை உடைக்க விரும்பிய கிழக்கிந்தியக் கும்பினியாருக்குச் சென்னையில் ஒருவர் கிடைத்தார். சேம்சு ஆண்டர்சன் என்னும் அந்த இசுக்காத்துலாந்து மருத்துவர், சென்னைப் புல்வெளியில் கொச்சினீலை ஒத்த பூச்சியைக் கண்டதாக 1786இல் எழுதத் தொடங்கினார். அது பயன்படவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் உண்டாயிற்று. 1795இல் நெயில்சன் என்னும் கப்பல் தலைவர் இரியோ தி செனீரோவிலிருந்து பூச்சியோடு கூடிய கள்ளியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது உயர்ந்த இனம் அன்று, மட்டமான இனம். சாயம் சோபிக்கவில்லை. ஆனால் பூச்சி தென்னாட்டில் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. இலாபத்துக்காகக் கொண்டுவந்தது களையை அழிக்க உதவியது கண்டு, 1863க்குப் பின் அதையே வேண்டுமென்று பரப்பினார்கள். களைச்செடியைப் பூச்சியைக் கொண்டு அழிக்கும் முறைக்கு உலகிலேயே மிகப் பழைய சான்று இதுதான் என்பர்.

எஞ்சி நின்ற வேறொரு கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை. தென் மாவட்டங்களின் காடு கரை எல்லாம் அது வேலியாக நின்று, பின் வேலியையும் தாண்டி நிலத்துக்குள் புகுந்தது. 1926இல் அதற்கென்று வேறோர் இனப் பூச்சி இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கள்ளிக் காடுகள் வாடி விழுந்தன. என் சிறுவயதில் ஊருணிக் கரையில் எஞ்சிய புதர்களில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் அப்பூச்சி இருக்கும். நசுக்கினால் விரல் முழுதும் சிவக்கும். பெண்பிள்ளைகள் நகத்தில் பூசிக்கொள்வார்கள். நாங்கள் சட்டையில் தடவிக்கொண்டு அடிபட்டதாக நடிப்போம். மெக்சிகோவின் பேரரசுகளும் இலண்டன் வணிகரும் போட்டியிட்ட சாயம் அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். மேற்கே செவலும் கிழக்கே கரிசலுமாக நிலம் நிறம் மாறும் பகுதி சங்கரன்கோவில். 2019ஆம் ஆண்டுவரை திருநெல்வேலி மாவட்டத்திலும் அதன்பின் தென்காசி மாவட்டத்திலும் உள்ளது. கோமதியம்மன் ஆடித்தபசுக்கு வரும் வெளியூரார் கோவிலையும் புற்றுமண்ணையும் அறிவர். தறிச்சத்தத்தை ஊராரே மிகுதியும் அறிவர். நெய்வது பெரும்பாலும் பருத்தி. அங்கேதான் எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அரக்குச் சாயம் பட்டிலும் கம்பளியிலும் பற்றும். பருத்தியில் சரியாகப் பற்றாது. பட்டும் கம்பளியும் உயிர்களின் உடம்பிலிருந்து வருபவை. அவற்றின் இழை அச்சாயத்தை ஏற்கும். செடியில் விளைந்த பருத்தியின் இயல்பு வேறு.

அப்படியானால் நம் நாட்டுப் பருத்திக்குச் சிவப்பைத் தந்தது எது? சாயவேர். மசூலிப்பட்டினம் முதல் இராமேசுவரம் வரையிலும் இலங்கையின் மன்னார்ப் பக்கத்திலும் கடற்கரை மணலில் வளரும் சிறுசெடியின் மெல்லிய நீண்ட வேர். அதன் பட்டையில் சிவப்பு இருக்கிறது. துணியைக் கடுக்காய் நீரில் நனைத்துப் படிகாரமிட்டு, வேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, அலசி, வெயிலில் காயவைத்து, மீண்டும் முக்கி, நாட்கணக்கில் உழைத்தால் வெளுக்காத சிவப்பு ஏறும். மதுரைச் சுங்குடியின் சிவப்பு இவ்வேரினால் வந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் ஆண்டபோது இவ்வேரைத் தோண்டும் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றால் அதன் மதிப்பை நீங்களே அளந்துகொள்ளலாம்.

இவ்வேரின் சிவப்புக்குக் காரணமான பொருள் அலிசரின். 1868இல் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய வேதியியலார் இருவர் அதை நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு செய்துகாட்டினர். ஓராண்டில் காப்புரிமை; அடுத்த சில ஆண்டுகளில் பீப்பாய் பீப்பாயாக விற்பனை. மணலில் வேர் தோண்டியவர்களின் பிழைப்பு ஒரு தலைமுறைக்குள் போயிற்று. அரக்குச் சாயமும் செயற்கைச் சாயங்களின் முன் நிற்கவில்லை. ஆனால் அரக்கின் மெழுகுப் பாதி பிழைத்துக்கொண்டது. மரச்சாமான் மெருகுக்கும் மின்கருவிகளுக்கும் அது வேண்டியிருந்தது. நம் வானொலி நிலையங்கள் ஒருகாலத்தில் சுழற்றிய 78 சுற்று இசைத்தட்டுகள் அரக்கினால் ஆனவையே. சாயத்துக்காக இடித்து, மெழுகை மிச்சமாக வைத்த காலம் போய், மெழுகுக்காக இடித்து, செந்நீரைச் சாக்கடையில் விட்ட காலம் வந்தது.

பொருள் தறியைத் தொட்டதில்லை. பெயர் மட்டும் தறியில் நிலைத்திருக்கிறது. இதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. ஓய்வு பெற்றபின், என் தங்கை மகள் திருமணத்துக்குச் சேலை எடுக்க மனைவியோடு நெசவாளர் தெரு ஒன்றுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து, 'வாங்க சார்' என்றார். தலை நரைத்திருந்தது, முகம் மாறவில்லை. அந்த மாணவர்தான். என் மனைவி 'மெரூன்' கலரில் ஒன்று காட்டச் சொன்னாள். அவர் இரண்டு சேலைகளை எடுத்து வாசற்படி வெளிச்சத்தில் விரித்தார்.

'அம்மா கேட்டது இது. இன்னொண்ணு அரக்கு. இப்போ வர்ற பிள்ளைங்க ரெண்டையுமே மெரூன்னுதான் கேக்குது' என்றார்.

எனக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் மடிப்பைத் திருப்பிக் காட்டினார். மெரூனில் கருமை மேலேயே நின்றது. அரக்கில் கருமை உள்ளே போய், மடிப்பின் முனையில் சிவப்பு எழுந்தது; உடைந்த முத்திரைத் துண்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்ததுபோல. மெரூன் என்பது பிரெஞ்சு மொழியில் ஒரு கொட்டையின் பெயர், அதன் ஓட்டு நிறம் அது என்று நான் சொன்னேன். பிறகு பூச்சியையும் பிராகிருதத்தையும் சாயவேரையும் சொன்னேன். பருத்தியில் அரக்குச் சாயம் பற்றாது என்றபோது மட்டும் அவர் கணக்கேட்டை மூடினார்.

'அப்போ எங்க அப்பா முக்கினது அரக்கு இல்லையா சார்?'

'சாயம் அரக்கு இல்லை. நிறம் அரக்குதான். நீ எழுதியது சரி' என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரக்குச் சேலையை மடித்துத் தாளில் சுற்றினார். பற்றுச்சீட்டில் சரக்கின் பெயர் எழுதும் இடத்தில், பள்ளியில் நான் பார்த்துப் பழகிய அதே சாய்ந்த எழுத்தில், 'அரக்கு – 1' என்று எழுதிக் கிழித்து என்னிடம் நீட்டினார்.